பட்டிக்குக் காவல் இருந்த மணி

கால்நடைகளைப் பற்றி எழுதும்போது மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, கோழி என்று வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக் கொள்வது வழக்கம். பால் கறப்பதில்லை, ஏர் இழுப்பதில்லை, சந்தையில் விலை போவதில்லை என்பதாலோ என்னவோ, நாய்க்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் எந்தக் குடியானவர் வீட்டு வாசலிலும் ஒரு நாய் படுத்திருக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கும். அது செத்துப் பத்து ஆண்டு ஆன பிறகும் அந்தப் பெயர் வீட்டுப் பேச்சில் வந்துகொண்டே இருக்கும்.

இன்றைய நிலையில் நாயைப் பற்றி நல்லவிதமாக எழுதுவது சற்றுச் சங்கடமான காரியம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் கடந்த சில ஆண்டுகளாகத் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் கொன்று வருகின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு உழவர்கள் போராடியதும் உண்டு. ஒரே இரவில் பட்டியில் பாதியை இழந்தவரிடம் போய் நாயின் அருமையைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருவது இயல்பே. ஆனாலும் அதே வட்டாரத்தில் ஆட்டைக் காப்பாற்றுவதும் நாய்தான். ஒரு நாய் எப்படி வளர்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அது காவலாகவும் ஆகும், கேடாகவும் ஆகும். எங்கள் அண்ணன் தோட்டத்தில் 13 ஆண்டுகள் இருந்து, 2023ஆம் ஆண்டு இறந்துபோன மணியை வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

கொறங்காட்டில் வளர்ந்த குட்டி

அண்ணனுக்குக் காங்கயத்துக்குத் தெற்கே 8 ஏக்கர் கொறங்காடு. கிணற்றுத் தண்ணீர் பாய்வது தனியே உள்ள 2 ஏக்கருக்குத்தான். இந்தப் பக்கத்து மேய்ச்சல் காட்டைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மழை குறைந்த ஆண்டிலும் இந்தப் புல் தாங்கி நிற்கும். வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் ஆடுகளுக்கு அதுவே நல்ல தீனி. பகலெல்லாம் மேய்கிற ஆடுகள் இரவும் அங்கேயே பட்டியில் அடையும். சாளை ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருக்கிறது. ஆகவே 40 செம்மறிக்கு இராக்காவல் யார் என்பது பெரிய கேள்வி.

மணி 2010ஆம் ஆண்டு தை மாதத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டை ஈன்ற குட்டி. சாதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாட்டு நாய். செம்பட்டை உடம்பு, வால் நுனியில் மட்டும் வெள்ளை. 4 வாரத்திலேயே எடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் 8 வாரம் முடியும்வரை தாயிடமே விட்டு வைத்தார். அது சரியான முடிவு. நாய்க்குட்டி பிறந்த இரண்டாவது வாரத்தில்தான் கண் திறக்கும். அதன்பின் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதைக் கற்கிறது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி பிற்காலத்தில் கடிநாயாகவோ, பயந்தாங்கொள்ளியாகவோ ஆவதற்கு இடம் உண்டு.

வந்த அன்றே அதைச் சாளைக்குக் கொண்டு போகாமல், பட்டியின் ஒரு மூலையில் படல் வைத்து மறித்து, பால்குடி மறந்த நாலைந்து செம்மறிக் குட்டிகளோடு விட்டார்கள். இதுதான் முக்கியமான செய்தி. பிறந்த 3ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 12, 14ஆவது வாரம் வரை ஒரு நாய்க்குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன் கூட்டம் என்று எடுத்துக் கொள்கிறது. துருக்கியிலும் இத்தாலியிலும் மேய்ச்சல்காரர்கள் ஓநாய்க்குக் காவலாக வைக்கும் பெருநாய்களை இப்படித்தான் ஆட்டுக் கிடையிலேயே வளர்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் சீட்டாக்கள் ஆடுகளைத் தூக்குவதால் உழவர்கள் அவற்றைச் சுட்டு வந்தனர். 1994 முதல் அங்கே துருக்கி நாட்டு அனத்தோலியன் நாய்க்குட்டிகளைக் கொடுத்து ஆட்டோடு வளர்க்கச் செய்தார்கள். ஆடும் பிழைத்தது, சீட்டாவும் பிழைத்தது.

அதற்காக வெளிநாட்டு நாயை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு நாய் நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கிப் படுத்திருக்குமே ஒழிய, காவல் காக்காது. நம்மிடம் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர்பெற்ற நாய்கள் இருக்கின்றன. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட தபால் தலைகளில் இராசபாளையமும் ஒன்று. 2020இல் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் இனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. ஆனால் இவற்றில் சில வேட்டைக்கென்றே வந்தவை. ஓடுகிறதைக் கண்டால் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. பட்டிக் காவலுக்கு, ஆட்டோடு வளர்ந்த சாதாரண நாட்டு நாயே போதும் என்பது என் கருத்து.

ஒரு வயதில் மணிக்குக் காயடித்து விட்டோம். "ஆம்பளை நாய்க்கு எதுக்குங்க இது?" என்று ஊரில் சிரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டைகளின் பின்னால் பத்து நாள் ஊர்சுற்றப் போகாமல் பட்டியிலேயே கிடந்ததைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதன் குணங்கள்

இனி மணியின் சில பழக்கங்களைச் சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்லாமல் போனால் எங்கள் அம்மா என்னை விடமாட்டார்.

மாலையில் ஆடுகள் அடையும்போது மணி படல் ஓரத்தில் நிற்கும். உள்ளே போகும் ஒவ்வொரு ஆட்டையும் முகர்ந்து பார்த்து அனுப்பும். கடைசி ஆடு உள்ளே போகும்வரை சோற்றுச் சட்டிக்கு வராது. ஒருநாள் ஒரு கிடாய் வேலி முள்ளில் மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மணி சாப்பிட மறுத்து வேலிப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. அண்ணன் பின்னாலேயே போய்க் கிடாயைக் கண்டுபிடித்தார். மணிக்கு எண்ணத் தெரியும் என்று ஊரில் பேசிக் கொண்டார்கள். எண்ணிக்கை அல்ல, மூக்குதான் காரணம். நம் மூக்கில் மணம் அறியும் உயிரணுக்கள் 50, 60 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். நாம் நாற்பது முகத்தை அடையாளம் வைத்திருப்பதுபோல் அது நாற்பது மணத்தை அடையாளம் வைத்திருந்தது.

சாப்பாட்டில் ஒரு பிடிவாதம். இராகிக் களியும் மோரும் பழைய உடைந்த மண்சட்டியில்தான் வேண்டும். அண்ணி ஒருமுறை புது அலுமினியத் தட்டு வாங்கி வைத்தார். இரண்டு நாள் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டுப் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் மண்சட்டி திரும்பி வந்தது.

குரைப்பிலும் வகை உண்டு. ஆள் வந்தால் நீளமாக, விட்டுவிட்டுக் குரைக்கும். பாம்பைக் கண்டால் ஓரிடத்தில் நின்று, முன்னங்காலைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, குட்டையாகக் குரைக்கும். அண்ணி அந்தக் குரலைக் கேட்டால் குழந்தைகளை வெளியே விடமாட்டார். மயிலுக்குக் குரைப்பே கிடையாது, ஓட்டம்தான். நிலக்கடலை விதைத்த பத்து நாளில் மயில் கூட்டம் செய்யும் அழிவு உங்களுக்குத் தெரியும். மணி வரப்பைச் சுற்றி ஓடும், மயில்கள் எழுந்து வேலி மரத்துக்குப் போகும், அதோடு திரும்பிவிடும். கடிக்கப் போகாது. அது குட்டியாக இருந்தபோதே அண்ணன் அதட்டிப் பழக்கியிருந்தார். மயிலைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம் என்பதால் இந்தப் பழக்கம் அவசியம்.

தொல்லையும் கொடுக்கும். சொட்டுநீர்க் குழாய்களைக் கடித்து வைத்தது இரண்டு கோடைகளில் பெரிய தலைவலி. குழாய் விற்றவர் வேலியில் மின்சாரம் விடச் சொன்னார். அதெல்லாம் தேவைப்படவில்லை. நாய் குழாயைக் கடிப்பது தாகத்தால், உள்ளே தண்ணீர் ஓடும் சத்தமும் ஈரமும் தெரிவதால். வயல் ஓரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்துத் தினமும் நிரப்பினோம். கடிப்பது நின்றது. கீரி, அணில், காகம் எல்லாம் அந்தத் தொட்டிக்கு வரத் தொடங்கின. அணில் கடிப்பதும் குறைந்தது என்று அண்ணன் சொல்கிறார்.

பட்டிக்கு முன்னே யாருக்கும் அஞ்சாத மணி, இடிக்கு மட்டும் அஞ்சும். வானம் நமக்குத் தெளிவாக இருக்கும்போதே வந்து பழைய கட்டை வண்டிக்கு அடியில் முடங்கிவிடும். தொலைவில் எங்கோ இடிப்பது நம் காதுக்கு எட்டும் முன்னே அதற்கு எட்டிவிடும். களத்தில் கடலை காயும்போது மணி வண்டிக்கடியில் போனால், அண்ணன் தார்ப்பாயை எடுக்கச் சொல்லுவார். தவறியதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சரியாக இருந்தது. தீபாவளிப் பட்டாசுக்கும் இதே கதைதான். அன்று ஒருநாள் மட்டும் அதைச் சாளைக்குள் நெல்குதிர் ஓரமாகப் படுக்க விடுவோம்.

சந்தை நாள் அதற்குத் தெரியும். அண்ணன் வெள்ளைச் சட்டையை எடுத்ததும் முன்னால் கிளம்பிவிடும். பேருந்து நிற்கும் இடத்துக்குப் பாதி வழியில் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. அதுவரைதான் வரும். அதைத் தாண்டி ஒரு அடி வைக்காது. அதற்கு மேல் போனால் பட்டி கண்ணுக்குத் தெரியாது. மாலைப் பேருந்து வரும் நேரத்தில் மறுபடியும் அந்தக் கல்லடியில் நிற்கும்.

இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருவது சப்பான் நாட்டு ஆச்சிக்கோ என்ற நாய். அதன் கதை பலருக்குத் தெரியும். அதை வளர்த்த உவேனோ என்பவர் நம் துறைக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பொறியியல் பேராசிரியர். வயல்களைச் சீர்திருத்திச் சமன் செய்வது, வடிகால் அமைப்பது ஆகியவற்றில் சப்பானுக்கே முன்னோடி. 1925ஆம் ஆண்டு மே மாதம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்து போனார். அவர் வளர்த்த நாய் 1935 மார்ச்சில் சாகும்வரை, ஏறக்குறைய 10 ஆண்டுகள், சிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது. இடையில் சில வீடுகளுக்கு அதை மாற்றிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. அது உயிரோடு இருக்கும்போதே 1934இல் நிலைய வாசலில் அதற்குச் சிலை வைத்தார்கள். 2015இல் அதே பல்கலைக்கழகத்து வேளாண் வளாகத்தில், ஆசிரியர் திரும்பி வர நாய் அவர்மேல் தாவி வரவேற்பதுபோல் இன்னொரு சிலை வைத்திருக்கிறார்கள்.

மாத்திரைச் சண்டை

மணிக்கு 6 வயது இருக்கும்போது ஒருநாள் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது. ஈறு வெளுத்துக் கிடந்தது, காய்ச்சல் அடித்தது. அடிபட்டிருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணி பரப்பும் காய்ச்சல் என்றார். நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணிகளால் வருவது இது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் வரும். நேரத்தில் கவனித்தால் குணமாகும். மருந்து 28 நாள், நடுவில் நிறுத்தக் கூடாது.

அந்த 28 நாளும் அண்ணிக்கும் மணிக்கும் நடந்த போராட்டம் தனிக்கதை. களி உருண்டைக்குள் மாத்திரையை வைத்தால் களியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தூணுக்குப் பின்னால் துப்பி வைக்கும். கருவாட்டுக்குள் வைத்தார், வெல்லத்துக்குள் வைத்தார். வாயை மூடிக்கொண்டு விழுங்கியதுபோல் நடித்துவிட்டுப் போய்விடும். கடைசியில் பணியாரம்தான் ஏமாற்றியது. அதிலும் முதலில் வெறும் பணியாரம் ஒன்று, அடுத்தது மாத்திரை வைத்தது, உடனே மூன்றாவதைக் கையில் காட்ட வேண்டும். மூன்றாவதன் அவசரத்தில் இரண்டாவது உள்ளே போய்விடும். நோய்ப்பட்ட நாய்க்கு மருந்து கொடுக்கச் சிரமப்படுகிறவர்கள் இந்த முறையைச் செய்து பார்க்கலாம்.

உண்ணி நாய்மேல் இருப்பதைவிட அது படுக்கும் சுவர் வெடிப்பிலும் மண் இடுக்கிலும் அதிகம் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. படுக்கும் இடத்தைக் கூட்டி, வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குத் தடவினால் நக்கிச் செத்துப் போகும். மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும் செம்மறியைப் பார்த்திருப்பீர்கள். கண் பட்டது, காற்று பட்டது என்பார்கள். நாயின் குடலில் உள்ள ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, சாணத்தோடு புல்லில் விழுகிறது. ஆடு அதை மேய்ந்தால் குஞ்சுப் புழு மூளைக்குப் போய் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டை அறுத்துத் தலையை நாய்க்கு வீசினால், கட்டியில் உள்ள புழு மறுபடி நாயின் குடலுக்கு வருகிறது. ஈரலிலும் நுரையீரலிலும் வரும் வேறொரு நீர்க்கட்டி மனிதருக்கும் வரக் கூடியது. எனவே அறுத்த ஆட்டின் தலை, குடல், கட்டியுள்ள ஈரல் எதையும் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. புதைக்க வேண்டும், அல்லது நன்றாக வேகவைக்க வேண்டும். நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து தர வேண்டும். மணிக்கு இது பொங்கல், சித்திரைக் கனி, ஆடி 18, தீபாவளியை ஒட்டி நடக்கும். நாள் மறக்காமல் இருக்க அண்ணி கண்ட வழி அது.

2018, ஆவணி

அந்த ஆண்டு ஆவணியில் ஒரு நள்ளிரவு. மணியின் குரல் வழக்கமான மூன்று வகையிலும் சேராமல் இருந்ததாக அண்ணன் சொல்வார். கைவிளக்கும் தடியும் எடுத்துக்கொண்டு ஓடியபோது, ஐந்தாறு தெருநாய்கள் படலைத் தள்ளிக்கொண்டிருந்தன. மணி படலுக்கும் அவற்றுக்கும் நடுவில் நின்றது. வெளிச்சத்தைக் கண்டதும் அவை ஓடிவிட்டன. மணிக்கு இடது காது கிழிந்து, முன்னங்காலில் இரண்டு கடி. வேலியோரம் ஒதுங்கிய இரண்டு ஆடுகளுக்கும் கடி. ஆனால் எங்கள் பட்டியில் ஓர் ஆடும் சாகவில்லை. அதே இரவில் அடுத்த காட்டில், காவல் இல்லாத பட்டியில், 7 ஆடுகள் செத்தன. 3 ஆடுகள் கடிபட்டுப் பிழைத்தன.

பொழுது விடிந்ததும் அண்ணன் கையுறை போட்டுக்கொண்டு மணியின் காயத்தையும் இரண்டு ஆட்டின் காயத்தையும் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு நெடுநேரம் கழுவினார். பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார். மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு 5 மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் மருத்துவர் அன்றே மறுபடியும் போட்டார். ஆடுகளுக்குக் கடிக்குப் பிறகு போடும் வரிசை ஊசிகளைத் தொடங்கினார். மணியைத் தனியே கட்டி வைத்து ஒன்றரை மாதம் கண்காணிக்கச் சொன்னார்.

ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். "கடிபட்ட நாயை வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுங்க, அடிச்சுப் போடுங்க" என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்ததால் அந்த அச்சத்தைத் தவறென்று சொல்ல முடியாது. அம்மா மட்டும், "ஊசி போட்டிருக்குதில்ல. கட்டிப் போட்டுப் பாப்பம் சாமி. நம்ம ஆட்டுக்குத்தான அது கடி வாங்குச்சு" என்றார். ஊசி போடாத நாயாக இருந்திருந்தால் அம்மாவின் பேச்சு எடுபட்டிருக்காது. எடுபடவும் கூடாது.

சங்கிலி மணிக்குப் பழக்கமில்லை. ஆடு அடையும் நேரம் வந்தால் ஊளையிடத் தொடங்கும். அம்மா எட்ட இருந்து, சங்கிலி எட்டாத தூரத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து, கடலை உரித்துக்கொண்டே அதோடு பேசிக்கொண்டிருப்பார். ஒன்றரை மாதமும் நாள் தவறாமல் இது நடந்தது. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே சுரக்கும் அதே சுரப்புநீர் இருவர் உடம்பிலும் கூடுகிறது என்று 2015இல் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு சப்பான்காரன் வேணுமாக்கும்" என்றார்.

இதற்குள் அடுத்த காட்டில் வேறு நடந்தது. கடிபட்டுப் பிழைத்த 3 ஆடுகளுக்கும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி விட்டிருந்தார்கள். புண் ஆறிவிட்டது. ஐந்து வாரம் கழித்து அதில் ஓர் ஆடு மேயாமல் நின்றது. வாயில் எச்சில் ஒழுகியது. கத்தும் குரல் கரகரத்தது. தொண்டையில் முள்ளோ காயோ சிக்கியிருக்கும் என்று பண்ணையத்து ஆள் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டுத் துழாவினார். அவர் விரலில் கிளுவை முள் கிழித்த காயம் இருந்தது. அன்று மாலை எங்கள் தோட்டத்துக்கு வந்து, "ஏனுங்கண்ணா, ஆடு தண்ணி கூட முழுங்க மாட்டேங்குது" என்று பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணனுக்குப் பொறி தட்டியது. அப்போதே அவர் கையைச் சோப்பால் கால் மணி நேரம் கழுவ வைத்து, வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அன்றைக்கே ஊசி போட்டார்கள். ஆடு மூன்றாம் நாள் செத்தது. மூளையை ஆய்வுக்கு அனுப்பி வெறிநோய் என்று உறுதி செய்தார்கள். அந்த ஆள் இன்றும் நலமாக அண்ணன் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறார்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. வெறிநோய் என்றால் நாய் வெறிபிடித்து ஓடி வரும் காட்சிதான் நம் மனத்தில் இருக்கிறது. ஆட்டிலும் மாட்டிலும் அது வேறுவிதமாக வரும். எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரல் மாறும், மாடு அடிக்கடி முக்கும், கதறும். தொண்டையில் மாட்டிக்கொண்டது என்றே தோன்றும். வெறும் கையை வாய்க்குள் விடவே கூடாது. ஊரில் வெறிநாய் வந்து போன செய்தி இருந்தால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். கடிபட்டதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், சிலவேளை சில வாரம், சிலவேளை ஓர் ஆண்டு கூட ஆகலாம். புண் ஆறிவிட்டது என்பது எதற்கும் உறுதி அல்ல. நோய்க்குறி தெரிந்த பிறகு மனிதரானாலும் மாடானாலும் மருந்து கிடையாது.

மனிதரைக் கடித்தால் முதல் வேலை சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், எருக்கம்பால் எதுவும் வைக்கக் கூடாது. அதே நாளில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற அச்சம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அந்த மருந்தின் தயாரிப்பே நம் நாட்டில் 2004ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடும் ஊசி. போடும் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை. இரத்தம் வரும்படி கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் சேர்த்துத் தருவார்கள். கடித்த நாய் 10 நாள் உயிரோடு நலமாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

நாய்க்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில், அடுத்தது ஒரு மாதம் கழித்து, பிறகு ஆண்டுக்கு ஒன்று. 1885 சூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். அந்த நாளிலும், அவர் இறந்த செப்டம்பர் 28ஆம் நாளையொட்டியும் கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடைபெறுவது வழக்கம். சங்கிலியில் கட்டி நடத்திக் கொண்டு போனால் போதும்.

தெருநாய்த் தொல்லைக்கு அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் ஒவ்வோர் ஊராட்சியிலும் முறையாக நடக்க வேண்டும். ஆனால் பெட்டைக் குட்டி வேண்டாம் என்று சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டு வருவது யார்? கோழிக் கடைக் கழிவைச் சாலை ஓரப் பள்ளத்தில் கொட்டுவது யார்? ஒரு பெட்டை 63 நாள் சுமந்து, ஆண்டுக்கு இருமுறை, நாலும் ஐந்தும் ஈனும். கழிவு கிடைக்கும்வரை அங்கே கிடக்கும். கிடைக்காத நாளில் பட்டிக்கு வரும்.

கடைசி ஆண்டு

மணிக்கு 12 வயதில் கண்ணில் வெண்படலம் விழுந்தது. பின்னங்கால் இழுத்தது. பட்டிக்கும் சாளைக்கும் உள்ள தூரத்தை நடக்க முன்பைவிட மூன்று மடங்கு நேரம் ஆயிற்று. ஆனாலும் மாலையில் படலோரம் போய்விடும். கண் தெரியாவிட்டாலும் ஒவ்வோர் ஆடாக முகர்ந்து அனுப்பும். ஆடுகளும் அந்த இடத்தில் சற்று நின்று போகப் பழகியிருந்தன. படுக்கும் முன் மூன்று சுற்றுச் சுற்றுகிற பழக்கம் மட்டும் நின்றுபோயிற்று. சுற்றினால் கீழே விழுந்துவிடும். காட்டுப் புல்லை மிதித்துப் படுக்கை செய்த முன்னோரின் பழக்கம் அது என்பார்கள். அண்ணன் கடலைக்கொடியைத் தானே மிதித்துப் பரப்பி வைப்பார்.

வயதான நாய்க்குப் பல் தேய்ந்து போவதால் களியை மோரில் நன்றாகக் கரைத்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு எந்த வயதிலும் ஆகாது. அது ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும்.

2023 மார்கழியில் ஒருநாள் காலை படலுக்குக் குறுக்கே படுத்தபடி இறந்திருந்தது. அண்ணன் படலைத் திறக்காமல் பக்கவாட்டில் வேலியை அவிழ்த்து ஆடுகளை மேய்ச்சலுக்கு விட்டார். நான் மாலையில்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். கொறங்காட்டின் மேற்கு மூலையில் ஒரு வெள்வேல மரத்தடியில், வேறு நாய் தோண்டாதபடி 4 அடிக்கு மேல் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். அம்மா அந்த மண்சட்டியைக் கொண்டு வந்து மேலே கவிழ்த்து வைத்தார். அன்று மாலை ஆடுகள் படலோரம் வந்து வழக்கம்போல் நின்றன. முகர்ந்து அனுப்ப ஆள் இல்லை. அண்ணன் ஒவ்வொன்றாக முதுகைத் தொட்டு உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அப்படி ஒரு மாதம் செய்தார்.

இப்போது பட்டியில் கருப்பு நிறக் குட்டி ஒன்று செம்மறிக் குட்டிகளோடு கிடக்கிறது. 9 வாரம் ஆகிறது. முதல் ஊசிக்கு நாள் குறித்தாயிற்று. குடற்புழு மாத்திரையை வெறும் களியிலேயே விழுங்கிவிடுகிறது என்று அண்ணி வியப்போடு சொன்னார். சோறு மட்டும் அலுமினியத் தட்டில்தான்.